ஜப்பானியத் தொலைக்காட்சியில் நகைச்சுவை

நீர் நிறைந்த ஒரு குளம்; அதன் குறுக்கே சில கற்கள். அவற்றுள் உறுதியாக நிற்பவை சில, மிதப்பவை சில. எது நிற்பது, எது மிதப்பது என்று கண்ணால் கண்டு அறிய இயலாது. ஒருவர் கரையிலிருந்து ஓடி வருகிறார். கால் வைத்த கல் அமிழ்கிறது. அவர் தலைகுப்புற நீரில் விழுகிறார். அடுத்தவர் வருகிறார், அவரும் விழுகிறார். இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ‘போகோ’ தொலைக்காட்சி ஒளிபரப்பிய இக்காட்சி நம்மவர் பலருக்கு நினைவிருக்கும். ‘தகேஷிஸ் கேசில்’ என்பது அந்நிகழ்ச்சியின் பெயர். ‘தகேஷியின் கோட்டை’ என்பது பொருள். தில்லியிலும் மும்பையிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர், ஜப்பானியரின் நகைச்சுவையை முதன்முதலாக அறிந்தது இதன் வாயிலாகவே எனலாம்.

அப்பிள்ளைகள் கேட்டது ஜப்பானிய மொழியன்று. மூலப் பேச்சை நீக்கிவிட்டு, நடிகர் ஜாவேத் ஜாஃப்ரி இந்தியில் புதிதாகக் கூறிய வேடிக்கை உரையே அவர்கள் காதில் விழுந்தது. மூல நிகழ்ச்சி 1986-ஆம் ஆண்டில் ஜப்பானில் தொடங்கியது. அது பழங்காலப் போரைக் கேலியாக நடித்த ஒரு விளையாட்டு. கித்தானோ தகேஷி என்னும் நகைச்சுவையாளர் கோட்டைத் தலைவராக அமர்ந்திருப்பார். தானி ஹயாத்தோ என்னும் நடிகர் படைத் தலைவராக நின்று, நூற்றுக்கு மேற்பட்ட பொதுமக்களைக் கோட்டையின்மீது ஏவுவார். பெரும்பாலும் எவரும் வெல்வதில்லை. மொழி நீங்கிய பின் நமக்கு எஞ்சியது விழுவதும் எழுவதும் மட்டுமே. ஆதலால், ‘ஜப்பானியர் நகைச்சுவை ஒருவகைப் பித்து’ என்ற எண்ணம் நம்மிடையே எளிதில் வேரூன்றிவிட்டது.

இது பித்துத்தானா? இதற்கும் ஓர் இலக்கணம் உண்டா? உண்டு என்பதே நம் விடை. அவ்விலக்கணத்தை அறிந்து கொண்டால், அவர்கள் எதைக் கண்டு சிரிக்கிறார்கள் என்பது விளங்கும். எவ்விடத்தில் அச்சிரிப்புக் கெட்டுப்போகிறது என்பதும் விளங்கும்.

ஜப்பானில் ‘மன்சாய்’ என்று ஒரு கலை உண்டு. ஒலிவாங்கி ஒன்றின் முன் இருவர் நிற்பர், உரையாடுவர், அவ்வளவே. அவ்விருவருள் ஒருவனைப் ‘பொக்கே’ என்பர். பொருந்தாததைப் பேசுபவன், மறதிக்காரன், அறிவு மழுங்கியவன் என்பது அச்சொல்லின் கருத்து. மற்றவனைச் ‘சுக்கோமி’ என்பர். குறுக்கே பாய்ந்து குத்துபவன் என்பது அதன் அடிப்பொருள். நாம் முன்னவனைத் தவறுவோன் என்றும், பின்னவனைத் திருத்துவோன் என்றும் அழைப்போம். தவறுவோன் ஏதோ உளறுவான், திருத்துவோன் உடனே, “இது என்ன பேச்சு?” என்று மடக்குவான், சில வேளைகளில் தோளிலோ தலையிலோ தட்டுவான். அவையோர் சிரிப்பது பெரும்பாலும் அத்திருத்தம் வந்து விழும் அந்த நொடியிலேதான். தவறு விதை என்றால், திருத்தமே விளைச்சல்.

இக்கலை நேற்றுப் பிறந்ததன்று. பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, புத்தாண்டு நாட்களில் இருவர் வீடுவீடாகச் சென்று, அவ்வீட்டார் நெடுங்காலம் வாழ்க என்று வாழ்த்துவது ஜப்பானிய வழக்கம். ஒருவர் கையில் விசிறி. மற்றவர் கையில் சிறு பறை. விசிறிக்காரர் முறையாக வாழ்த்துவார். பறைக்காரர் கோமாளித்தனம் செய்வார். ‘பதினாயிரம் ஆண்டு’ என்று பொருள்படும் எழுத்துகளால் அக்காலத்தில் அக்கலையின் பெயரை எழுதினர். மங்கல வாழ்த்தின் மடியிலேயே இந்நகைச்சுவை வளர்ந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பழைய கலைக்குப் புதிய உடை அணிவித்த ஊர் ஓசாக்கா. 1912-இல் அந்நகரில் தோன்றிய யோஷிமோட்டோ என்னும் நிறுவனம் சிரிப்பரங்குகளை நடத்திப் பெருகியது. அதன் மேடையில் 1930-ஆம் ஆண்டில் யோகோயாமா என்டாட்சு, ஹனாபிஷி அச்சாக்கோ என்னும் இருவர் இணைந்தனர். அவர்கள் மேனாட்டு உடை அணிந்தனர்; பாட்டையும் பறையையும் விட்டனர்; அன்றாட வாழ்க்கையைப் பற்றிய பேச்சையே கலையாக்கினர். பல்கலைக்கழகங்கள் இரண்டு ஆடிய ‘பேஸ்பால்’ பந்தயத்தைப் பற்றிய அவர்களுடைய உரையாடல் பெரும்புகழ் பெற்றது. அப்புகழை நாடெங்கும் எடுத்துச் சென்றது வானொலி. பேச்சை மட்டுமே நம்பிய கலைக்கு, ஒலியை மட்டுமே சுமக்கும் கருவி வாய்த்தது பொருத்தமன்றோ?

தொலைக்காட்சி ஜப்பானுக்கு 1953-இல் வந்தது. கண்ணுக்கு விருந்து தேவைப்பட்டது. நகைச்சுவையும் பேச்சிலிருந்து உடலுக்கு இறங்கியது. 1969 முதல் 1985 வரை சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, ‘எட்டு மணி ஆயிற்று, எல்லோரும் கூடுங்கள்’ என்னும் பொருளுடைய பெயர் கொண்ட நிகழ்ச்சியை ‘டிரிஃப்டர்ஸ்’ என்னும் குழுவினர் நடத்தினர். அவையோர் முன்னிலையில் நேரடியாக நடந்த நிகழ்ச்சி அது. மேடையில் வீடு கட்டுவர்; அது இடிந்து விழும். தலைமேல் பித்தளைத் தாம்பாளம் போன்ற பெரிய உலோகத் தொட்டி ‘டணார்’ என்று விழும். 1973-ஆம் ஆண்டில் ஒருநாள், கணக்கெடுக்கப்பட்ட வீடுகளில் நூற்றுக்கு ஐம்பதுக்கு மேற்பட்டவை இந்நிகழ்ச்சியையே கண்டன. பெற்றோர் சங்கத்தார் ‘இது குழந்தைகளைக் கெடுக்கும்’ என்று கண்டித்தனர். குழந்தைகளோ விடவில்லை.

இங்கே நாம் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அக்குழுவில் ஷிமுரா கென் என்பவர் பின்னாளில் சேர்ந்தார். அவர் மேடையில் ஒன்றும் அறியாதவர்போல் நிற்பார். அவர் முதுகுக்குப் பின்னே பேயோ பிசாசோ மெல்ல வரும். உடனே அவையிலிருந்த சிறுவர்கள் ஒரே குரலில், “ஷிமுரா, பின்னாலே பார்!” என்று கத்துவார்கள். அக்கூச்சல் ஜப்பானில் ஒரு பழமொழிபோலவே ஆகிவிட்டது. மன்சாய் மேடையில் ஒருவன் செய்த வேலையை இங்கே நூற்றுக்கணக்கான குழந்தைகள் செய்தனர்; அவர்களே திருத்துவோர் ஆயினர். தவறுகிறவனைக் கண்டு சிரித்தவர்களே அவனைக் காக்கவும் முனைந்தனர். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொரோனா நோயால் ஷிமுரா கென் இறந்தபோது நாடே துயருற்றது.

வீட்டு வாழ்க்கையிலும் இதே அமைப்பைக் காண்கிறோம். ஹசெகாவா மச்சிக்கோ என்னும் பெண்மணி 1946-இல் நாளிதழில் வரையத் தொடங்கிய ‘சசாயே-சான்’ என்னும் சித்திரக் கதை, 1969 முதல் ஞாயிறு மாலைதோறும் தொலைக்காட்சியில் வருகிறது. மூன்று தலைமுறையினர் ஒரே கூரையின்கீழ் வாழும் குடும்பத்தின் கதை அது. சசாயே என்பது ஒரு கடற்சங்கின் பெயர். அக்குடும்பத்தார் அனைவருக்கும் கடலோடு தொடர்புடைய பெயர்களே. கதைத் தலைவி அவசரக்காரி, மறதிக்காரி, தம்பியோ குறும்பன். அவர்கள் தவறுவதும், தந்தை அதட்டுவதும், பின்னர் எல்லோரும் ஒன்றாக உண்பதுமே கதை. இது முடிந்தால் மறுநாள் திங்கட்கிழமை என்னும் ஏக்கம் நெஞ்சை அழுத்தும். அவ்வேக்கத்திற்கு ஜப்பானியர் ‘சசாயே-சான் நோய்’ என்றே பெயரிட்டுள்ளனர். திங்கட்கிழமையின் கசப்பு எல்லா நாட்டாருக்கும் பொதுவே போலும்!

1980-ஆம் ஆண்டையொட்டி மன்சாய்க் கலை தொலைக்காட்சியில் மறுபடியும் பெருவெள்ளமாய்ப் பாய்ந்தது. கோட்டைத் தலைவராக நாம் கண்ட தகேஷியும் அவ்வெள்ளத்தில் எழுந்தவரே. அவர் இயக்கிய ‘ஹனாபி’ என்னும் திரைப்படம் 1997-இல் வெனிசு விழாவில் தங்கச் சிங்கப் பரிசு பெற்றது. அவ்வெள்ளத்தோடு ஓசாக்காப் பக்கத்துப் பேச்சும் தலைநகரான டோக்கியோவுக்கு வந்தது. டோக்கியோவின் பேச்சே செந்நெறிப் பேச்சு என்று பள்ளியும் செய்தி ஒலிபரப்பும் வகுத்திருந்தன. ஓசாக்காக் கலைஞர்கள் தம் பேச்சை மாற்றிக் கொள்ளவில்லை. ‘நன்டே யா நென்’ என்னும் அவர்களுடைய திருத்தச் சொல்லை இன்று ஜப்பானெங்கும் அறிவர்.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இச்செய்தியில் ஒரு பாடம் உண்டு. நம் நாவின் ஒலியைச் சிலர் மேடையிலும் திரையிலும் நகைப்புக்குரிய பொருளாக்கியதை நாம் அறிவோம். அங்கே நம் ஒலியைப் பேசும் பாத்திரம் எப்போதும் தவறுவோனே. திருத்துவோன் வேறு மொழிக்காரன். ஓசாக்கா மேடையில் தவறுவோனும் அவ்வூர்ப் பேச்சையே பேசுகிறான். திருத்துவோனும் அவ்வூர்ப் பேச்சையே பேசுகிறான். ஆதலால் அவையோர் சிரிப்பது தவற்றைக் கண்டு, பேச்சைக் கண்டன்று. ஒரு மொழி இழிவுபடுவதும் ஏற்றம் பெறுவதும், திருத்தும் உரிமை அதற்கு உண்டா என்பதைப் பொறுத்தே அமைகின்றன.

மன்சாய் இன்றும் தளரவில்லை. 2001-இல் ‘எம்-ஒன்’ என்னும் போட்டி தொடங்கியது. இடையே சில ஆண்டுகள் நின்று, 2015-இல் மீண்டது. இறுதிச் சுற்றில் ஒவ்வொரு குழுவுக்கும் ஏறத்தாழ நான்கு நிமிடமே. பரிசு ஒரு கோடி யென். 2024-ஆம் ஆண்டில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட குழுக்கள் இதில் முயன்றன. 2019-இல் ‘மில்க் பாய்’ என்னும் இருவர் 700-க்கு 681 மதிப்பெண் பெற்றனர். அவர்கள் எடுத்துக் கொண்ட பொருள் காலையுணவுக்குரிய சோளப்பொரி! தன் தாய்க்குப் பிடித்த உணவின் பெயர் மறந்துவிட்டது என்கிறான் ஒருவன். அடையாளம் சொல்கிறான், ‘அது சோளப்பொரிதான்’ என்கிறான் மற்றவன். இன்னோர் அடையாளம் வருகிறது; ‘அப்படியானால் அது சோளப்பொரியன்று’ என்கிறான். இவ்வாறே ‘ஆம்’, ‘அன்று’ என்று மாறிமாறிச் செல்கிறது உரையாடல். எவரும் விழவில்லை, எவருக்கும் அடிபடவில்லை, எவருடைய மானமும் போகவில்லை. ஆயினும் அரங்கம் அதிர்ந்தது.

இனி இருண்ட பக்கத்தையும் கூறுதல் வேண்டும். 1998-ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியினர் இளைஞர் ஒருவரை ஓர் அறையில் தனியே வைத்தனர். ‘நசுபி’ என்பது அவருக்கு வழங்கிய பெயர். கத்தரிக்காய் என்பது பொருள். அவரது முகம் நீளமானது என்பதால் வந்த பெயர். ஆடையில்லை, உணவில்லை. வார மாத இதழ்களின் பரிசுப் போட்டிகளுக்கு அஞ்சலட்டை எழுதிப்போட்டு, வருகின்ற பரிசுகளாலேயே அவர் வாழ வேண்டும். பரிசுகளின் மதிப்புப் பத்து லட்சம் யென் ஆகும்வரை வெளிவரலாகாது. அவர் வாழ்க்கை வாரந்தோறும் ஒளிபரப்பாகியது. கோடிக்கணக்கானோர் கண்டு சிரித்தனர். அதை அவர் அறியார். இலக்கை எட்டிய பின்னும் கொரியாவுக்கு அழைத்துச் சென்று மீண்டும் தொடங்கச் செய்தனர். ஏறத்தாழ பதினைந்து மாதங்கள் கழித்து, அறையின் சுவர்கள் நாற்புறமும் சாய, அவையோர் நடுவே ஆடையின்றி நிற்கக் கண்டார் தம்மை.

இங்கே குறைந்தது யாது? தவறுவோன் இருந்தான்; சிரிப்போர் இருந்தனர்; “போதும், நிறுத்து” என்று குறுக்கே பாய்பவன் இல்லை. குழந்தைகள் ஷிமுராவை எச்சரித்தார்களே, அதைப்போல் எச்சரிக்க அந்த அறைக்குள் எவர் குரலும் எட்டவில்லை. இலக்கணம் குலைந்த இடத்தில் நகைச்சுவை கொடுமையாயிற்று. நசுபியோ மனம் ஒடிந்துவிடவில்லை. 2011-இல் நிலநடுக்கத்தாலும் கடல்கோளாலும் தம் பிறந்த மாவட்டமான ஃபுக்குஷிமா சிதைந்தபோது, அதன் மக்களுக்காக உழைத்தார்; 2016-இல் எவரெஸ்டுச் சிகரம் ஏறினார்.

ஜப்பானியரும் இதனை எண்ணிப் பார்க்கின்றனர். 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஒளிபரப்பு நெறிகளைக் கண்காணிக்கும் அமைப்பைச் சார்ந்த, இளைஞர் நலன் கருதும் குழுவினர், பிறர் வலியைச் சிரிப்புப் பொருளாக்கும் நிகழ்ச்சிகளைப் பற்றித் தம் கருத்தை வெளியிட்டனர். ஒருவர் துன்புறுவதைச் சுற்றி நிற்போர் கண்டு சிரிப்பதைக் காணும் சிறுவரிடம், பிறர் நோவை உணரும் தன்மை குன்றக்கூடும் என்பது அவர்களுடைய கவலை. ‘நகைச்சுவைக்கு விலங்கு பூட்டுகிறார்கள்’ என்று வருந்தியவர்களும் உண்டு. ஆயினும், நாம் மேலே கண்ட பழைய இலக்கணத்தை வைத்து நோக்கினால், அக்குழுவினர் செய்ததும் ஒரு திருத்துவோனின் வேலையே என்பது புலனாகும்.

ஆகவே, இனி ஜப்பானிய நிகழ்ச்சி ஒன்று நம் வீட்டுத் திரையில் வரும்போது, விழுகிறவனை மட்டும் பாராமல், “இது என்ன பேச்சு?” என்று கேட்பவன் எங்கே இருக்கிறான் என்று தேடுவோம். அவன் இருந்தால் பிள்ளைகளோடு அமர்ந்து நாமும் நன்றாகச் சிரிப்போம். அவன் இல்லையென்றால், அந்த வேலை பார்த்துக்கொண்டிருக்கும் நம்முடையதாகிறது. அது ஜப்பானிய நிகழ்ச்சியாயினும் சரி, நம் பிள்ளையின் பேச்சைப் பள்ளித் தோழர்கள் பழித்துச் சிரிக்கும் வேளையாயினும் சரி.