ஊவாத் தேயிலையின் மணமும் அதனை வடிக்கும் முறையும்

பதுளையிற் கற்ற நம்மிற் பலர் தேயிலைச் செடிகளுக்கிடையே நடந்தே கல்லூரிக்கு வந்தவர்கள். ஆயினும், ஊவாத் தேயிலைக்கு உலகில் ஏன் தனிப்பெயர் என்று எவரேனும் வினவினால் விடை கூறத் தயங்குவோம்.

1869 இல் கோப்பிச் செடியை நோய் தாக்கத் தொடங்கியபின் இம்மலைகளிலே தேயிலை பரவிற்று. 1890 இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளையை அடுத்த டம்பதென்னைத் தோட்டத்தை வாங்கினார். எனினும் பெயரைத் தந்தது வணிகமன்று, காற்றே. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குச் சாரல்களிற் பொழிந்துவிட்டு, மலை இடைவெளிகளினூடே ஊவாப் பக்கம் இறங்கும்போது வறண்டு விடுகிறது. இதனையே கச்சான் என்கிறோம். யூலை முதல் செப்ரெம்பர் வரை பண்டாரவளை, எல்ல, பசறை, நமுனுகுலை மலைகளில் இக்காற்றும் பகல் வெயிலும் இரவுக் குளிரும் கூடிச் செடியை வருத்துகின்றன. வளர்ச்சி குன்றிய கொழுந்தில் மணப்பொருள்கள் செறிகின்றன. அவற்றுள் ஒன்று மெதைல் சலிசிலேற்று. வலித் தைலங்கள் சிலவற்றின் மணத்துக்குக் காரணமானதும் அதுவே. தைலம் என்றதும் வாசகர் முகஞ்சுளிக்க வேண்டா. அளவில் நுண்ணியதாக இருப்பதால் அது தேநீரிற் புதினாவை ஒத்த குளிர்ச்சியாகவே தோன்றும்.

தைவானில் 1000 மீற்றருக்கு மேல் விளையும் ஊலோங் தேயிலையை இதனோடு ஒப்பிடலாம். அங்கே முகிலும் குளிரும் செடியை மெல்ல வளர்த்து இலைக்கு இனிமை தருகின்றன. அதனை ஓரளவே புளிக்கவிட்டு, முழு இலையாகவே உருண்டையாகச் சுருட்டுவர். (புளித்தல் என்பது வழக்குச்சொல்லே, நிகழ்வது இலைச்சாறு காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்தல்.) ஆதலின் சிறு கிண்ணத்தில் ஒரு நிமிட அளவில் வடித்து, அதே இலையைப் பன்முறை ஊறவைக்கலாம், ஒவ்வொரு முறையும் இலை சிறிது விரிந்து சுவை விடும். நமது இலையோ உருளையில் நசுங்கி நொறுங்கியது. முதல் நீரிலேயே தன் சாரத்தை ஈந்துவிடும். இரண்டாம் நீரை எதிர்பார்த்தல் வீண்.

புதிதாகப் பிடித்த நீர் கொதித்தெழுந்ததும் இறக்குக. நெடுநேரம் கொதித்துக் கிடந்த நீர் ஆகாது. பாத்திரத்தை வெந்நீரால் அலசிச் சூடாக்கி, கோப்பைக்கு ஒரு தேக்கரண்டித் தூளிட்டு, மூன்று அல்லது நான்கு நிமிடம் மூடிவைத்து வடிக்க. தேயிலைச் சுவைஞர்கள் 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் இட்டு 6 நிமிடம் ஊறவைப்பது குறை காண்பதற்காக, அருந்துவதற்காக அன்று. பால்மாவையும் சீனியையும் அள்ளிக் கொட்டினால் நுண்மணம் மறைந்துவிடும். முதற் கோப்பையையாவது வெறுந்தேநீராக அருந்துக.

இன்னுமொன்று சொல்லாமல் விடலாகாது. மணம் செறியும் அதே வாரங்களிற் கொழுந்து குறைவு. கொழும்பு ஏலத்தில் நல்ல ஊவாத் தேயிலைக்கு விலை ஏறும். மலையிலோ கூடை நிறையாது. இரண்டிலையும் மொட்டுமாகத் தேர்ந்து கிள்ளினால் நிறை ஏறாது. முற்றிய இலையைச் சேர்த்தால் மணம் கெடும். கொழுந்தின் நிறையைக் கொண்டே நாட்பேர் போடும் தோட்டங்களில், குறித்த கிலோவை எட்டாதவளுக்கு அரைப்பேரே விழும். பருவகாலத்திலாவது தரத்துக்கும் கூலி வகுத்தால் என்ன என்பதைத் தோட்ட நிர்வாகத்திலுள்ள பழைய மாணவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆடி மாதத்தில் என் தாயார் அரைப்பேருடன் திரும்பிய மாலைகள் நினைவில் உள்ளன. அன்று எங்கள் லயத்தில் வடித்த சாயத்தண்ணீர், ஸ்டோரிற் கழித்த தூளில் ஆனது.