பனை உச்சிக்கு ஓர் இருக்கை

ஏரலிலிருந்து குரும்பூர் வழியாகத் திருச்செந்தூர், உடன்குடி என்று போகிற பக்கமெல்லாம் பங்குனி பிறந்தால் பதநீர் வந்துவிடும். ஆடி வரை பனையேறிகளுக்கு ஓய்வு கிடையாது. முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து மிதித்து, பாதங்களில் தளைநாரை மாட்டி, நெஞ்சை மரத்தோடு ஒட்டி ஏறுவார்கள். இடுப்பில் அரிவாள்பெட்டி ஆடும். உச்சியில் மட்டைகளுக்கு நடுவே இடம் பிடித்து உட்கார்ந்து, பாளை நுனியை மெல்லிசாகச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குவார்கள். அப்புறம் அடுத்த மரம். நாளுக்கு முப்பது நாற்பது மரம், அதுவும் காலையும் மாலையும்.

தளைநார் கால் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும். கை நழுவினால் ஆளைப் பிடிக்க அங்கே எதுவும் இல்லை. 20 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் தரையைத் தொடும்போது வேகம் மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டர். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், உயரத்திலிருந்து விழ வாய்ப்புள்ள இடத்தில் பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும் என்றது. பனந்தோப்பு தொழிற்சாலை அல்லவே!

‘ஒரு சேஃப்டி பெல்ட் கட்டிக்கொண்டால் போதாதா?’ என்று கேட்பது எளிது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 70 கிலோ எடையுள்ளவர் 2 மீட்டர் விழுந்து, கயிறு 10 சென்டிமீட்டர் மட்டும் நீண்டு அவரை நிறுத்தினால், உடல் மீது விழும் சராசரி இழுப்பு அவர் எடையைப்போல் 21 மடங்கு. கிட்டத்தட்ட ஒன்றரை டன். அதை இடுப்பு ஒன்றே வாங்கினால் முதுகெலும்பும் குடலும் என்ன ஆகும்? அதனால்தான் கயிற்றோடு ‘ஷாக் அப்சார்பர்’ சேர்க்கிறார்கள். மடித்துத் தைத்த பட்டை அது. இழுபடும்போது தையல் வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும். 1 மீட்டர் பிரிந்தால் 21 மடங்கு 3 மடங்காகக் குறையும். அந்த இழுப்பையும் தொடை, இடுப்பு, தோள் என்று பங்கிட்டு வாங்குவது முழு உடல் ஹார்னஸ். விழுகிற ஆளைப் பிடிக்க இடுப்பு பெல்ட்டைப் பயன்படுத்தவே கூடாது என்று அமெரிக்கா 1998-இல் தடை போட்டது.

விழாமல் பிடித்தாயிற்று. ஆபத்து அதோடு தீரவில்லை. அசையாமல் தொங்குபவரின் ரத்தம் கால்களில் தேங்கும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகி இறுகி அதை மேலே தள்ளும். தொங்கும்போது அந்த வேலை நின்றுவிடும். மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து மயக்கம் வரும். தரையில் நிற்பவர் மயங்கினால் சாய்ந்து விழுவார், ரத்தம் தலைக்குத் திரும்பும், தெளிந்துவிடுவார். ஹார்னஸில் இருப்பவருக்குச் சாய வழியில்லை. அமெரிக்க விமானப் படை 1980-களில் ஆட்களைத் தொங்கவிட்டுச் சோதித்ததில், முழு உடல் ஹார்னஸில் சராசரியாக 14 நிமிடம்தான் தாக்குப்பிடித்தார்கள். இடுப்பு பெல்ட்டில் இரண்டு நிமிடம்கூட இல்லை. இறக்கிய ஆளை உட்கார்த்தியே வைக்க வேண்டும் என்று முன்பு சொல்லிவந்தார்கள். அதற்கு ஆதாரமில்லை என்று பிரிட்டனில் 2009-இல் வெளியான ஆய்வு முடிவு கூறியது. மல்லாக்கப் படுக்கவைத்து, மூச்சைக் கவனித்து, ஆம்புலன்ஸை அழைப்பதே சரி.

வேலை பார்க்க இருக்கை வேண்டும் என்பது இதனால்தான். கப்பலின் பக்கவாட்டில் பெயின்ட் அடிக்கும் மாலுமிகளிடம் ‘போசன் சேர்’ உண்டு: ஒரு பலகை, நான்கு மூலைக் கயிறு. பாரம் தொடைக்கு வருகிறது, முழங்கால் மடங்குகிறது, காலை ஆட்டவும் உந்தவும் முடிகிறது. ஆனாலும் ஹார்னஸையும் தனியொரு காப்புக் கயிற்றையும் கழற்றக் கூடாது. பலகையின் கயிறு அறுந்தால் அவைதான் துணை.

மரமேறும் கருவிகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. கேரளத்தில் செம்பேரி ஜோசப் உருவாக்கியது நின்றபடி ஏறுவது. கோவையில் வெங்கட் உருவாக்கியதில் உட்கார்ந்து ஏறலாம். உயரத்தில் கை இரண்டும் ஓய்வாக இருக்கும். இரண்டும் முதலில் தென்னைக்குப் பேர் வாங்கியவை. பனையோ அடி பெருத்து மேலே சிறுக்கும், செதில் செதிலாக இருக்கும், பழைய மட்டையின் அடி துருத்தி நிற்கும். கருவியை மாட்டிக் கழற்ற மரத்துக்கு ஐந்தே நிமிடம் என்றாலும், நாற்பது மரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் போய்விடும். அதற்குள் வெயில் ஏறி, பதநீர் புளிக்கத் தொடங்கும். பனையேறி கருவியைத் தொடாமல் இருப்பதைப் பிடிவாதம் என்று சொல்வது அநியாயம்.

நல்ல பனையேறும் கருவிக்கு 1 லட்சம் ரூபாய் பரிசு என்று தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. நல்ல காரியம். தேர்வுக்குழு ஒரு மரத்தில் ஏறிக் காட்டச் சொல்லித் திருப்திப்பட்டுவிடக் கூடாது. ஏரல் பக்கத்துப் பனையேறி ஒருவரிடம் கருவியைக் கொடுத்து, ஒரு காலை முழுக்கப் பத்து மரமாவது ஏறச் சொல்ல வேண்டும். பத்தாவது மரத்தின் உச்சியில், மயங்கியவர் எடையில் மணல்மூட்டை ஒன்றை ஹார்னஸில் தொங்கவிட்டு, கீழே நிற்பவரைப் பத்து நிமிடத்துக்குள் இறக்கச் சொல்ல வேண்டும். அதில் தேறுகிற கருவிக்கு 1 லட்சம் குறைவுதான்.