நெஞ்சுக்குள் இருப்பவை

நாம் வட்டாரத்தில் சுற்றுகையில், "நெஞ்சு வலி" என்ற ஒரே சொல்லால் மூன்று உறுப்புகளின் நோயும் குறிக்கப்படுவதைக் கேட்டு வருகிறோம். இருபுறமும் நுரையீரல்கள், அவற்றினிடையே, சற்று இடப்புறம் சாய்ந்து, மூடிய கையளவான இதயம், அதன் பின்புறம் இரைப்பைக்குச் செல்லும் உணவுக் குழாய். இரைப்பையின் அமிலம் அக்குழாயில் மேலேறினால் உண்டாவது நெஞ்செரிச்சல்.

இதயத்தின் செய்தி வேறு. அது நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை உடலெங்கும் செலுத்துகிறது. எனினும் தனக்கு வேண்டியதை இதயத் தமனிகள் என்னும் சிறு குழாய்களின் வழியே பெறுகிறது. வாய்க்கால் நிறைய நீர் ஓடினும், மடை அடைபட்ட வயல் காய்ந்துவிடும் அல்லவா? அதுபோலத் தமனி அடைபட்டால் இதயத் தசை மடியத் தொடங்கும். நெஞ்சு அழுத்தும், வலி தோளுக்கோ தாடைக்கோ பரவும், வியர்க்கும். நீரிழிவு உள்ளவர் சிலருக்கு வலியே தெரிவதில்லை.

இதனை வாயுப் பிடிப்பென்று கருதிச் சோடா கொடுத்துக் காத்திருப்பார்கள். (சோடாவின்மீது நம் மக்களுக்குள்ள நம்பிக்கை வியப்பிற்குரியது!) அந்நேரத்தில் தசை மேலும் மடிகிறது. உடனே 108ஐ அழைத்தல் வேண்டும். 2023ஆம் ஆண்டு முதல் நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இதற்கான முதல் மாத்திரைகள் அளிக்கப்படுகின்றன. வலி தொடங்கிய நேரத்தை மறவாமல் மருத்துவரிடம் கூறுக.