புயலுக்குப் பின் எழுந்த வீடுகள்

புயல் வீசிய மறுநாள் உதவிக்கு ஓடி வருவோர் பலர். ஓராண்டு கழிந்த பின்னும் சுத்தியலும் கரண்டியும் ஏந்தி வந்து நிற்போர் சிலரே. அச்சிலருடைய உழைப்பு எவ்வாறு ஒழுங்கு செய்யப்பட்டது என்பதை அறிவது கூட்டுறவாளராகிய நமக்குப் பெரிதும் பயன்படும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், லூசியானா மாநிலத்து நியூ ஆர்லியன்ஸ் நகரம் கண்ட அனுபவத்தைக் கொண்டு இதனை விளக்குவோம்.

2005-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் தேதி 'கட்ரீனா' என்னும் பெரும்புயல் அக்கடற்கரையைத் தாக்கிற்று. அந்நகரின் பல பகுதிகள் கடல் மட்டத்தினும் தாழ்ந்தவை. வெள்ளத் தடுப்புக் கரைகளும் சுவர்களும் பல இடங்களில் உடைந்தமையால், நகரின் நூற்றுக்கு 80 பங்கு நீரில் மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அப்புயலால் உயிரிழந்தனர். பல தெருக்களில் வாரக்கணக்காக நீர் வடியவில்லை. அடுத்துள்ள செயின்ட் பெர்னார்டு வட்டாரத்தில் வெள்ளம் புகாத வீடு அரிதாயிற்று.

முதல் வேலை

அவ்வூர் வீடுகளிற் பல மரச்சட்டம் நிறுத்தி, அதன்மேல் ஜிப்சம் பலகை அறைந்து கட்டப்பட்டவை. அப்பலகை நீரைப் பஞ்சுபோல் உறிஞ்சும்; ஈரம் தங்கினால் சில நாட்களிலேயே பூஞ்சணம் படரும். ஆகவே வெளியே நின்று பார்த்தால் வீடு முழுமையாகத் தோன்றும். உள்ளே கால் வைக்க இயலாது. வீட்டைக் கட்டுவதற்கு முன்னே அதன் உட்பகுதி முழுவதையும் பெயர்த்தெறிவதே தொண்டர்களுக்கு வாய்த்த முதல் வேலை.

முகமூடியும் கையுறையும் அணிந்து, ஊறிக் கெட்ட கட்டில், அலமாரி முதலியவற்றைத் தெருவோரம் குவித்தனர். உணவு அழுகிய குளிர்பதனப் பெட்டிகளைத் திறவாமலே நாடா சுற்றிக் கட்டி வெளியேற்றினர். பின்னர்ச் சுவர்ப் பலகைகளையும் வெப்பத் தடுப்புப் பஞ்சையும் பெயர்த்து, மரச்சட்டம் மட்டும் நிற்கும் நிலைக்குக் கொணர்ந்தனர். பூஞ்சணத்தைத் தேய்த்தகற்றி, மரத்தை உலரவிட்டனர். மரத்தின் ஈரத்தை அதற்குரிய கருவியால் அளந்து பார்த்த பின்னரே புதிய பலகை அறைதல் வேண்டும். அவசரப்பட்டு மூடினால், சுவருக்குள்ளேயே பூஞ்சணம் மீண்டும் தழைக்கும். அத்தனை உழைப்பும் வீணாகும்.

தொழிலறிந்தோர் துணை

பெயர்த்தெறிவதற்கு உடல் வலிமையும் எச்சரிக்கையும் போதும். கல்லூரி விடுமுறையில் வந்த மாணவரும் அதைச் செய்தனர். ஆனால் மின்கம்பி இழுத்தல், குழாய் பொருத்தல், பலகையின் இணைப்புகளைப் பூசிச் சமன் செய்தல் ஆகியவை கற்றுச் செய்யும் தொழில்கள். தொண்டர் ஒரு வாரம் தங்கிச் செல்வர். மறுவாரம் வேறொரு குழு வரும். தொடர்ந்து நின்று, எந்த வேலை எதுவரை முடிந்தது என்று அறிந்தவர் ஒருவர் இல்லையேல் பாதி வீடு பாதியாகவே நிற்கும்.

1950-இல் கான்சாஸ் மாநிலத்தில் தொடங்கிய மென்னோனைட்டு பேரிடர்ப் பணி என்னும் அமைப்பு இதனை நன்குணர்ந்தது. அதன் தொண்டரில் உழவரும் தச்சரும் மிகுதி. தொழிலறிந்தவர் நீண்ட நாள் தங்கி, வந்துசெல்வோரை நடத்துவது அதன் வழக்கம். செயின்ட் பெர்னார்டில் தொண்டாற்ற வந்த இருவர் 2006-இல் தொடங்கிய மற்றோர் அமைப்பு, டொயோட்டா மோட்டார் நிறுவனத்தாரிடம் வேலை ஒழுங்கைக் கற்றது. எந்த வீடு எந்நிலையில் உள்ளது, அடுத்த வேலைக்குரிய பொருள் வந்ததா என்பவற்றை எல்லோரும் காணப் பலகையில் எழுதி வைத்தனர். இத்தகைய ஒழுங்கால், ஒரு வீட்டைச் செப்பனிடும் காலம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

உடையவர் உழைப்பு

வீட்டுக்குரியவர் கைகட்டி நின்று பெறுவதா, தாமும் உழைத்துப் பெறுவதா என்பது அடுத்த வினா. ஜார்ஜியா மாநிலத்தில் 1942-இல் கிளாரன்ஸ் ஜோர்டன் முதலியோர் கொய்னோனியா என்ற பண்ணையை நிறுவினர். வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாக உழுது ஒன்றாக உண்ட அப்பண்ணை, பகிஷ்காரத்துக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் இலக்காயிற்று. பீகன் கொட்டைகளைத் தபால் வழியே விற்றுத் தாக்குப்பிடித்தது. ஏழைகளுக்கு இலாபமும் வட்டியுமின்றி வீடு கட்டித் தரும் முறை அங்குதான் உருவாயிற்று. அதிலிருந்தே 1976-இல் 'ஹாபிடாட் ஃபார் ஹியூமானிட்டி' பிறந்தது.

அம்முறைப்படி, வீடு பெறும் குடும்பத்தார் சில நூறு மணி நேரம் தம் வீட்டிலும் பிறர் வீட்டிலும் வேலை செய்தல் வேண்டும். அவர்கள் கட்டும் கடன் தவணை அடுத்த குடும்பத்தின் வீட்டுக்கு முதலாகும். நியூ ஆர்லியன்ஸில் வீடிழந்த இசைவாணர்களை மனத்திற்கொண்டு இவ்வமைப்பார் எழுப்பிய குடியிருப்பில், தரையினின்றும் உயர்த்தப்பட்ட 72 வீடுகள் எழுந்தன.

பத்திரம் இல்லாத வீடு

தொண்டர் உழைப்பு கூலியை மிச்சப்படுத்தும். பலகையும் ஆணியும் விலைக்கே வாங்க வேண்டும். அதற்கு அரசின் மானியம் இருந்தது. ஆனால், பாட்டன் கட்டிய வீட்டில் பேரன் குடியிருப்பான். பத்திரமோ பாட்டன் பெயரிலேயே கிடக்கும். இத்தகையோர் தம் உரிமையை நிரூபிக்க இயலாமல் மானியம் பெறாது தவித்தனர். மேலும், வீட்டின் பழைய சந்தை மதிப்பு, செப்பனிடும் செலவு இவற்றுள் எது குறைவோ அதுவே முதலில் கணக்காகக் கொள்ளப்பட்டது. ஒரே அளவான சேதத்துக்கு ஏழைத் தெருவார் குறைவாகப் பெற்றனர். இது வழக்காகி, 2011-இல் சமரசத்தில் முடிந்தது.

இவற்றிலிருந்து நம் சங்கங்கள் கொள்ளத்தக்கவை தெளிவு. தறிக்குழி நீரில் நிறைந்தாலும், தென்னை வேரோடு சாய்ந்தாலும், கூரை பறந்தாலும், இரக்கம் எழுவது இயல்பு. அந்த இரக்கத்தை முடிந்த வீடாக்குவது முன்னேற்பாடு. நம் அங்கத்தினருள் தச்சு, கொத்து, மின்வேலை அறிந்தோர் யாவர் என்ற பட்டியல் இன்றே சங்கத்தில் இருத்தல் வேண்டும். மனையும் வீடும் பெரியவர் மறைந்தவுடன் வாரிசுகள் பெயருக்கு மாற்றப்படல் வேண்டும். பொது நிதி திரும்பி வந்து அடுத்தவருக்கு உதவுமாறு சுழலல் வேண்டும். புயல் வந்த பின் இவற்றுக்கு நேரமிராது. அடுத்த மழைக்காலத்துக்கு முன் கூடும் சங்கக் கூட்டத்திலேயே இவற்றை எடுத்துப் பேசுவோமாக.