உங்களுக்குத் தெரியுமா? மூன்றேகால் பவுன் குண்டு!

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்களில் ஒரு சாரார் கடையில் தோட்டா வாங்குவதில்லை. ஈயம் உருக்கி, குண்டு வார்த்து, வெடிமருந்து நிறுத்து, தாங்களே தோட்டா கட்டுகிறார்கள். பெரும்பாலும் லிவர் துப்பாக்கிக்கு. குண்டும் கனமான குண்டுதான். அவர்கள் பட்டறையில் பொறுக்கியவை இவை.

● பெயரே கணக்கு: 1873-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட ஒரு தோட்டாவுக்கு ‘.45-70’ என்று பெயர். முதல் எண், குண்டின் குறுக்களவு: அங்குலத்தில் நூற்றில் 45 பங்கு. அடுத்தது, உள்ளே போட்ட கரிமருந்து: 70 கிரெயின். ராணுவம் அதைக் கைவிட்டுவிட்டது, தோட்டா இன்றும் வேட்டைக்காரர் கையில் இருக்கிறது.

● குன்றிமணிக்கு அண்ணன் தம்பி: நம் பொற்கொல்லருக்குக் குன்றிமணி எப்படியோ, வெள்ளைக்காரருக்கு ‘கிரெயின்’ அப்படி. தானிய மணியிலிருந்து பிறந்த எடை. 7,000 கிரெயின் சேர்ந்தால் ஒரு பவுண்ட். பழைய .45-70 குண்டு 405 கிரெயின், அதாவது 26 கிராம். நம் கணக்கில் மூன்றேகால் பவுன்!

● ஒரு தள்ளு, ஒரு இழுப்பு: விசைக்குக் கீழே தொங்கும் வளையம்தான் லிவர். முன்னே தள்ளினால் சுட்ட கூடு வெளியே துள்ளும். பின்னே இழுத்தால் புதுத் தோட்டா உள்ளே ஏறும். .45-70 போன்ற பெரிய தோட்டாவைத் தாங்கிய வின்செஸ்டர் 1886 ஜான் பிரௌனிங் வடிவமைத்தது.

● மூக்கு ஏன் சப்பை? லிவர் துப்பாக்கிகள் பலவற்றில் குழலுக்கு அடியில் இன்னொரு குழாய் ஓடும். தோட்டாக்கள் அதில் ரயில் பெட்டி போல வரிசையாக நிற்கும். பின்னால் நிற்பதன் மூக்கு, முன்னால் நிற்பதன் அடியிலுள்ள, அடிபட்டால் பற்றும் பிரைமரில் முட்டும். மூக்கு கூராக இருந்தால், உதைப்பின் அதிர்ச்சியில் குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். அதனால்தான் சப்பை மூக்கு.

● இடுப்பில் ஒரு பள்ளம்: குழாயின் ஸ்பிரிங் ஒரு பக்கம் தள்ள, உதைப்பு மறுபக்கம் இடிக்க, குண்டு கூட்டுக்குள் அமுங்கிவிடும். இதைத் தடுக்க, குண்டின் இடுப்பில் ஒரு வளையப் பள்ளம். கூட்டின் வாயை அதற்குள் மடித்து இறுக்குவார்கள்.

● அச்சகத்து உறவு: தனிக் காரீயம் குழைவானது. வெள்ளீயம் சேர்த்தால் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் பாயும். ஆன்டிமனி சேர்த்தால் கெட்டிப்படும். செய்தித்தாள்கள் வரிவரியாக வார்த்த லைனோடைப் உலோகமும் இதே கூட்டணிதான்: ஈயம் 84, ஆன்டிமனி 12, வெள்ளீயம் 4 சதவீதம். பழைய அச்சகங்கள் மூடப்பட்டபோது அந்த ஈயத்தைத் தேடிப்போய் வாங்கியவர்களில் குண்டு வார்ப்பவர்களும் உண்டு. லைனோடைப் இயந்திரம் நியூயார்க் செய்தித்தாள் ஒன்றில் ஓடத் தொடங்கிய ஆண்டும், மேலே சொன்ன வின்செஸ்டரைப் போலவே, 1886-தான்!

● அச்சே ஜோசியம் சொல்லும்: இரண்டு பாதிகளாகத் திறக்கும் அச்சில் கரண்டியால் ஈயத்தை ஊற்றி, மேலே நிற்கும் குமிழ் பளபளப்பு மங்கி இறுகும்வரை பொறுப்பார்கள். பிறகு மேல்தகட்டை மரச்சுத்தியால் ஒரு தட்டு. குமிழ் வெட்டுப்பட்டு விழும். வெளியே வரும் குண்டில் சுருக்கம் இருந்தால் அச்சு சூடேறவில்லை. பனி படர்ந்தாற்போல் வெளுத்திருந்தால் சூடு மிஞ்சிவிட்டது.

● ஒரு சொட்டு போதும்: ஈயம் உருகுவது 327 டிகிரி செல்சியஸில். உருகிய ஈயத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் மாட்டினால், நொடியில் ஆவியாகிப் பானையையே வாரி இறைக்கும். தகரக் கொட்டகையில் ஒழுகும் கூரைக்கடியில் யாரும் அடுப்பு மூட்டுவதில்லை.

● குழலுக்கு அளவெடுப்பு: தையல்காரர் போல முதலில் அளவு. மெத்தென்ற ஈயத் துண்டு ஒன்றைக் குழலுக்குள் தட்டி மறுமுனையில் எடுத்து, மைக்ரோமீட்டரில் பார்ப்பார்கள். குண்டு அதைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பருமனாக இருக்க வேண்டும். இளைத்திருந்தால் சூடான வாயு பக்கவாட்டில் புகுந்து ஈயத்தை அரித்து, குழல் முழுக்க அப்பிவிடும். பிறகு தேய்த்தெடுப்பது ஒரு நாள் வேலை.

● தேன்மெழுகும் செம்புத் தொப்பியும்: குண்டின் உடம்பைச் சுற்றியுள்ள வரிப்பள்ளங்கள் அலங்காரமல்ல, அவற்றில் தேன்மெழுகு கலந்த மசகை நிரப்புவார்கள். வேகம் கூடுதலாக வேண்டுமென்றால் குண்டின் அடியில் சின்னச் செம்புத் தொப்பி ஒன்றும் மாட்டுவார்கள், வாயு அடிப்பாகத்தைத் தின்றுவிடாமல் காக்க.

● ஒரே பெயர், மூன்று பக்கம்: மருந்துக் கணக்குப் புத்தகங்களில் .45-70-க்கு மட்டும் மூன்று தனிப் பட்டியல்கள் இருக்கும்: 1873 காலத்து நோஞ்சான் துப்பாக்கிக்கு ஒன்று, இன்றைய லிவர் துப்பாக்கிக்கு ஒன்று, அதைவிட உறுதியானவற்றுக்கு ஒன்று. மூன்றிலும் தோட்டா ஒரே மாதிரி நுழையும். பக்கம் மாறிப் படித்தால் பழைய துப்பாக்கி பிளந்துவிடும்.

● காலி இடத்தின் ஆபத்து: கரிமருந்து கூட்டை நிறைத்துவிடும், இரண்டு முறை கொட்ட இடமே இராது. புகையில்லா மருந்தோ கொஞ்சம் போதும். அதனால் கை தவறி இரட்டிப்பாகக் கொட்டினாலும் வெளியே தெரியாது. அனுபவசாலிகள் குண்டை வைக்குமுன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கடித்துப் பார்ப்பது இதற்குத்தான்.

● எருமை வேகம்: பழைய .45-70 குண்டு கிளம்பும்போது நொடிக்கு ஏறக்குறைய 400 மீட்டர். இன்றைய வேட்டைத் துப்பாக்கிகளில் பலவும் அதைப்போல இரண்டு மடங்கு வேகம். 100 கஜத்தில் குறி சரியாக வைத்தால், 200 கஜத்தில் ஒரு முழத்துக்கு மேல் இறங்கிவிடும். ஆகவே நெருங்கிப் போகத் தெரிந்தவருக்கே இது உதவும்.

● 1972-ன் இரு செய்திகள்: மார்லின் நிறுவனம் .45-70-க்கான லிவர் துப்பாக்கியை ‘1895’ என்ற பழைய பெயரிலேயே மறுபடி கொண்டுவந்தது 1972-ல். அதே ஆண்டுதான் இந்தியாவில் வேட்டைக்குக் கடிவாளம் போட்ட வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

● கடைசிச் சொல் கழுகுக்கு: 1982-ல் கலிபோர்னியா காண்டோர் கழுகுகள் உலகிலேயே 22-தான் மிச்சம். வேட்டைக்காரர் விட்டுப்போன குடல், எலும்புகளில் ஒட்டியிருந்த ஈயத் துணுக்கைத் தின்று செத்தவை பல. 2019 ஜூலை 1 முதல் கலிபோர்னியாவில் எந்த வேட்டைக்கும் ஈயக்குண்டு கூடாது. அங்கே ஒருவர் இன்றும் வீட்டில் குண்டு வார்க்கலாம், அட்டையில் குறி பார்த்துச் சுடலாம். மானைத் தேடிக் காட்டுக்குள் போகிற நாளில் மட்டும் அவற்றை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும்!