அப்பா கால காரை அப்படியே வைப்பதா, எஞ்சினை மாற்றி ஓட்டுவதா? தப்பாக மாற்றினால் ஜெயில்கூட உண்டு!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பழைய வீடுகளின் போர்டிகோவில் தார்ப்பாய் போர்த்திய ஒரு கார் நிற்பதைப் பார்க்கலாம். அப்பா வாங்கியது. அல்லது தாத்தா வாங்கியது. அம்பாசிடர், பியட், இல்லாவிட்டால் ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

ஒரு நாள் மகனுக்கு ஆசை வரும். தார்ப்பாயை விலக்கி மெக்கானிக்கைக் கூப்பிடுவார். சண்டை அங்கேதான் ஆரம்பம்!

"இந்த எஞ்சினைத் தூக்கிப் போடுங்க சார். டீசல் எஞ்சின் வெச்சா ஜம்முனு போகும். பார்ட்சுக்கு அலைய வேணாம்" என்பது ஒரு கட்சி.

"ஒரு ஸ்குரூவைக்கூட மாத்தக் கூடாது. மாத்திட்டா அது எங்கப்பா வண்டியே இல்லை" என்பது எதிர்க்கட்சி.

இதில் எந்தக் கட்சி சரி? வீட்டுக்குள் பேசி முடிக்கிற விஷயமாக இது இப்போது இல்லை. நடுவில் சட்டம் வந்து உட்கார்ந்து கொண்டது.

மெட்ராசில் பிறந்த கார்

ஹெரால்டு நம் ஊர்க் கார். தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961-ம் ஆண்டு முதல் தயாரானது. இங்கிலாந்தில் 1959-ல் வந்த டிரையம்ப் ஹெரால்டுதான் இதற்கு மூலம். உருவத்தை வரைந்தவர் இத்தாலிக்காரரான மிக்கலோட்டி.

எஞ்சின் 948 சி.சி. பானெட்டைத் தூக்கினால் இரண்டு பக்க மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகச் சாயும். மெக்கானிக் சக்கரத்தின் பக்கத்தில் நின்றபடியே எஞ்சினில் கை வைக்கலாம். இந்த வசதிக்காகவே பட்டறைக்காரர்களுக்கு ஹெரால்டு என்றால் தனிப் பிரியம்.

1972-ல் அதே கம்பெனி 'கெசல்' காரைக் கொண்டு வந்தது. 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' வந்தது. பெரிய கார், பெரிய விலை. ஆனால் உள்ளே இருந்தது பழைய காலத்து எஞ்சின். எடுபடவில்லை. 1980-களின் முடிவோடு கம்பெனியின் கார் தயாரிப்பும் முடிந்தது.

பியட் வழி வந்த பிரிமியர் பத்மினியும் நின்று போனது. 2014 மே மாதம் அம்பாசிடர் தயாரிப்பும் நின்றது.

அதாவது, இனிமேல் ஒரு ஹெரால்டோ ஒரு அம்பாசிடரோ புதிதாக வரப் போவதில்லை. இருப்பதுதான் கணக்கு. அதில் ஒன்றை அறுத்துவிட்டால் கணக்கில் ஒன்று குறைந்தது.

பாடியில் செய்த பாகம்

மேற்குப் புறநகர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு சொந்தமும் உண்டு.

1960-களின் தொடக்கத்தில் பாடியில் தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. வீல்ஸ் இந்தியாவில் சக்கரம், லூகாஸ் டி.வி.எசில் டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டார், பிரேக்ஸ் இந்தியாவில் பிரேக் பாகங்கள். அம்பத்தூரில் டன்லப் டயர். அதே காலத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் எழுந்தது. லேத்து பட்டறைகளும் உதிரி பாகப் பட்டறைகளும் பெருகின.

அந்தக் காலத்து இந்தியக் காரைக் கழற்றிப் பார்த்தால் பாதி பாகத்தின் பிறந்த ஊர் இந்த ரெயில் பாதை ஓரமாகத்தான் இருக்கும். ஆவடி லோக்கலில் தொங்கிக் கொண்டு ஷிப்டுக்குப் போன தொழிலாளியின் கை பட்ட சாமான் அது. இன்று டன்லப் தொழிற்சாலையும் மூடிக் கிடக்கிறது.

"ஒரிஜினல் பார்ட்" என்று சொல்லும்போது அதில் அவர்கள் உழைப்பும் சேர்ந்திருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இதைப் பற்றியது. தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்தில் இருந்து போன ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு இதையே உறுதிப்படுத்தியது. அனுமதி பெற்ற எரிவாயு கிட், பேட்டரி கிட் போன்றவற்றுக்கு மட்டும் விதிப்படி வழி உண்டு.

அதே 2019-ல் சட்டம் திருத்தப்பட்டது. அனுமதி இல்லாமல் மாற்றினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம். அல்லது 6 மாதம் வரை ஜெயில். இரண்டும் சேர்ந்தும் வரலாம்!

ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருள் 'பெட்ரோல்' என்று இருக்கும். எஞ்சின் நம்பர் ஒன்று இருக்கும். பானெட்டைத் திறந்தால் வேறு நம்பரில் டீசல் எஞ்சின் சிரிக்கும். சோதனையில் மாட்டினால் என்ன பதில் சொல்வது?

50 வயது மரியாதை

தண்டனை ஒரு பக்கம். மரியாதை இன்னொரு பக்கம்.

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டு வந்தது. முதன்முதலில் பதிவான நாளில் இருந்து 50 ஆண்டு தாண்டிய கார், மோட்டார் சைக்கிள்களுக்கு இது பொருந்தும். புதிதாகப் பதிவு செய்ய ரூ.20 ஆயிரம் கட்டணம். 10 ஆண்டு செல்லும். மறுபடி பதிய ரூ.5 ஆயிரம். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற தனி எழுத்து வரும். ஏற்கெனவே நம்பர் உள்ள வண்டி, பழைய நம்பரையே வைத்துக் கொள்ளலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை. சேசிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் கை வைத்திருக்கக் கூடாது. வண்டி பழைய உருவிலேயே இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இப்படிப் பதிந்த வண்டியைத் தினம் ஆபீசுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று மட்டும்தான் ரோட்டுக்கு வரலாம். வாடகைக்கு விட முடியாது.

1975-ல் பதிவான அம்பாசிடருக்கு 2025-ல் 50 வயது. எல்லையைத் தொடுகிற நேரத்தில் எஞ்சினை மாற்றினால், வீட்டு வாசல் வரை வந்த கவுரவத்தைத் திருப்பி அனுப்பிய கதைதான்.

நம்பருக்கே கூட்டம்

தியாகராயநகரில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்துக்குப் போகிறவர்கள் அங்கே நிற்கும் அம்பாசிடரைப் பார்க்காமல் திரும்புவதில்லை. டி.எம்.எக்ஸ். 4777 என்ற அந்த நம்பரைத் தேடியே வருகிறார்கள். அதன் மேல் பளபளக்கும் ஸ்டிக்கரும் அகல டயரும் மாட்டினால் யாராவது ஒப்புவார்களா?

வடபழனி ஏ.வி.எம். வளாகத்தில் 2023 மே மாதம் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்த அருங்காட்சியகத்திலும் எம்.எஸ்.குகன் சேர்த்த பழைய கார்கள்தான் கூட்டத்தை இழுக்கின்றன.

மாற்றியதும் சரித்திரம்தான்!

அதற்காக மாற்றுகிற கட்சிக்கு நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது.

செங்குன்றத்தைத் தாண்டினால் சோழவரம். அங்கே பழைய விமான ஓடுபாதையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் கார் பந்தயம் நடத்தியது. ஹெரால்டு, பியட், அம்பாசிடர் எல்லாம் சீட்டைக் கழற்றி, எடையைக் குறைத்து, எஞ்சினை முறுக்கேற்றி ஓடின. 1990-ல் பூந்தமல்லிக்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை வந்தது. சோழவரத்தில் ஓடிய கார் ஒன்று இன்று கிடைத்தால், அதைப் பழைய குடும்பக் காராக மாற்றுவதுதான் பாவம்!

முழு ஒரிஜினல் என்பதும் நடைமுறையில் முடியாது. டயர் தேயும். ரப்பர் வெடிக்கும். 2000-ம் ஆண்டோடு ஈயம் கலந்த பெட்ரோல் நாட்டில் நின்றது. அந்த ஈயத்தை நம்பிச் செய்த பழைய வால்வு சீட்டுகள் ஓட ஓடத் தேய்கின்றன. கடினமான சீட் போட்டே ஆக வேண்டும். 2023 முதல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலும் வந்துவிட்டது. பழைய ரப்பர் குழாயும் பெட்ரோல் பம்பு டயாபிராமும் அதில் ஊறி இளகும். மாற்றாவிட்டால் பெட்ரோல் கசியும். கசிந்தால் தீப்பிடிக்கும் அபாயம்!

பிரேக், லைட்டு விஷயத்திலும் அப்படித்தான். மவுண்ட்-பூந்தமல்லி ரோட்டில் முன்னால் போகும் பஸ் சடன் பிரேக் போட்டால், "இது 1965 மாடல் பிரேக்" என்று பின்னால் வருகிறவர் சாக்கு சொல்ல முடியாது.

இளவரசர் ஓட்டிய கார்

2018-ல் இங்கிலாந்து இளவரசர் ஹாரி தன் கல்யாண நாளன்று 1968-ம் ஆண்டு ஜாகுவார் காரை ஓட்டினார். உள்ளே பெட்ரோல் எஞ்சின் இல்லை. பேட்டரி! உலகமே பார்த்தது. பழைய காரில் மின்சார மோட்டார் வைக்கலாமா என்ற வாக்குவாதம் சூடு பிடித்தது.

உலகப் பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பான பிவா, அப்படி மாற்றிய வண்டியைச் சரித்திர வண்டியாகக் கொள்ள முடியாது என்றது. கூடவே ஒரு யோசனையும் சொன்னது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், மறுபடி பழையபடி மாட்ட முடிகிற மாதிரி மாற்றுங்கள். கழற்றிய பாகங்களை அடையாளம் எழுதிப் பத்திரமாக வையுங்கள் என்றது.

இரண்டு கட்சிக்கும் நடுவில் கோடு போடலாம் என்றால் அது இந்த இடத்தில்தான்.

டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன், புது ஹோஸ் பைப், நல்ல பல்பு. இவை எல்லாம் போல்ட்டைக் கழற்றினால் திரும்பி வரும். சேசிசை வெட்டினால் வராது. டாப்பை அறுத்தால் வராது. எஞ்சினை விற்றால் வரவே வராது. சந்தேகம் இருந்தால் வண்டியில் கை வைக்கும் முன்பு அம்பத்தூர், பூந்தமல்லி ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டு விடுவது நல்லது.

பட்டறையில் வழக்கமாக நடப்பது என்ன? கழற்றிய கார்புரேட்டரும் டைனமோவும் மூலையில் கிடக்கும். சாயங்காலம் காயலான் கடைக்காரர் வருவார். இரும்பு விலைக்கு எடை போட்டு எடுத்துப் போவார். பத்து வருஷம் கழித்து அதே சாமானைத் தேடி மகன் புதுப்பேட்டையில் கடை கடையாக அலைவார்.

அதற்குப் பதில், கழற்றியதை எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, எந்த இடத்துச் சாமான் என்று சீட்டு எழுதிக் கட்டி, பரணில் போட்டு வையுங்கள். செலவு ஒரு கோணிப்பைதான்.

அப்பாவின் கார் மகன் கையில் ஓடட்டும். பேரன் கேட்டால் பழையபடி பூட்டிக் கொடுக்கப் பரணில் சாமான் இருக்கட்டும்.