குற்றாலத்து நீரும் விருந்தினர் கடமையும்

ஆண்டுதோறும் ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே சாரலைக் கொணரும்போது, தென்காசியும் குற்றாலமும் மக்களால் நிறைகின்றன. நம் ஓய்வுநாள் பள்ளிகளும் வாலிபர் சங்கங்களும் பேருந்து அமர்த்திக்கொண்டு அங்கே செல்கின்றன. தியான முகாம்களும் அங்கே நடைபெறுகின்றன. ஆகவே, 'பொறுப்புள்ள சுற்றுலா' என இன்று உலகெங்கும் பேசப்படும் கருத்து நமக்குப் புறம்பானதன்று. அதன் பொருள் யாது, குற்றாலத்தில் அது நம்மிடம் எதை எதிர்பார்க்கிறது என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

1. கருத்தின் வரலாறு

சுற்றுலாவினால் ஏழை நாடுகள் செழிக்கும் என்ற நம்பிக்கை ஓங்கியிருந்த காலத்தில், அதன் மறுபக்கத்தை முதலில் சுட்டிக்காட்டியவர்களுள் திருச்சபைகளும் உண்டு. ஆசியக் கிறிஸ்தவ மாமன்றம் 1980-இல் மணிலாவில் இதற்கெனக் கருத்தரங்கு ஒன்றைக் கூட்டியது. அதன் விளைவாக, மூன்றாம் உலகச் சுற்றுலா குறித்த திருச்சபைகளின் கூட்டமைப்பு 1982-இல் பாங்காக்கில் தோன்றியது. பயணி வருவதால் ஆதாயம் பெறுவோர் யார், இழப்போர் யார் என்பதே அவர்கள் எழுப்பிய வினா.

சூழலியற் சுற்றுலாவுக்கென அமைந்த பன்னாட்டுச் சங்கம் 1990-இல் வகுத்த இலக்கணமும் இவ்வினாவை ஒட்டியதே. இயற்கைப் பகுதிக்குச் செல்லும் பயணம் அப்பகுதியின் சூழலைக் காக்க வேண்டும். அங்கு வாழும் மக்களின் நலனையும் வளர்க்க வேண்டும். இவ்விரண்டும் இல்லையெனில், காட்டுக்கும் மலைக்கும் செல்வது மட்டும் சூழலியற் சுற்றுலா ஆகாது. ஐக்கிய நாடுகள் சபை 2002-ஆம் ஆண்டை இதற்குரிய சர்வதேச ஆண்டாக அறிவித்தது.

2. குற்றாலத்தின் நிலை

குற்றால மலையினின்று இறங்கும் சிற்றாறு தேனருவியாகவும் செண்பகாதேவி அருவியாகவும் வீழ்ந்து, பொங்குமாங்கடலில் வேகம் தணிந்து, பேரருவியாக நம் தலைமேல் விழுகிறது. அதன்பின் அது வாய்க்கால்களில் பிரிந்து, குளங்களை நிரப்பி, வயல்களை நனைத்து, இறுதியில் சீவலப்பேரி அருகே தாமிரபரணியுடன் கலக்கிறது. நாம் குளித்துவிட்டுச் செல்லும் நீர் வேறொருவரின் வயலுக்கும் குடத்துக்கும் செல்லும் நீராகும்.

இவ்வுண்மையை மறந்ததன் விளைவுகள் நீதிமன்றம் வரை சென்றுள்ளன. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2014-இல் அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு ஆகியவற்றைப் பயன்படுத்தத் தடைவிதித்தது. இயற்கையான நீரோட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவிகள் அமைத்த தனியார் விடுதிகள்மீது நடவடிக்கை எடுக்குமாறு 2022-இல் உத்தரவிட்டது.

மலை தன் எல்லையையும் உணர்த்துகிறது. 2024 மே 17-ஆம் நாள் பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனின் உயிரைப் பறித்தது. கீழே வானம் தெளிந்திருக்கும்போதே மேலே காட்டில் பெருமழை பெய்யக்கூடும். அந்நீர் சில நிமிடங்களில் அருவியை வந்தடையும். குளிப்பதற்குத் தடை விதிக்கப்படும்போது காவலரிடம் வாதாடுவது அறியாமை.

3. கணவாய்க்கு அப்பால்

செங்கோட்டையைக் கடந்து ஆரியங்காவு வழியாகச் சென்றால் கேரளத்துத் தென்மலையை அடையலாம். இந்தியாவில் திட்டமிட்டு உருவாக்கப்பட்ட முதல் சூழலியற் சுற்றுலாத் தலமாக இது கருதப்படுகிறது. அதற்கான சங்கம் 1998-இல் அமைக்கப்பட்டது. செந்துருணி வனவிலங்குச் சரணாலயத்தின் விளிம்பிலேயே வசதிகளை அமைத்து, கூட்டத்தின் சுமை காட்டின்மேல் விழாமல் தடுப்பதே அத்திட்டத்தின் நோக்கம். குற்றாலத்தின் நிலை வேறு. இங்கு அருவியே ஊரின் நடுவில் உள்ளது. கூட்டத்தை விளிம்பில் நிறுத்த இயலாது. எனவே, வருவோரின் ஒழுக்கமே இங்கு வேலியாக அமைய வேண்டியுள்ளது.

4. சபையின் பொறுப்பு

இவ்வொழுக்கத்திற்குத் திருமறையில் இரு பகுதிகள் துணைசெய்கின்றன. உபாகமம் 23:24, 25 அயலானின் திராட்சத்தோட்டத்தில் நுழைபவன் பசிதீர உண்ண இடந்தருகிறது. ஆனால் தன் கூடையில் நிரப்பிக்கொள்ள அனுமதிப்பதில்லை. விருந்தினருக்கு உரிமையும் உண்டு, எல்லையும் உண்டு. எசேக்கியேல் 34:18, 19 தெளிந்த நீரைக் குடித்தபின் எஞ்சியதைக் காலால் கலக்கிவிடும் கொழுத்த ஆடுகளைக் கண்டிக்கிறது. கலங்கிய நீரைக் குடிக்க நேரும் ஆடுகளின் பக்கத்திலிருந்து அத்தீர்க்கதரிசி பேசுகிறார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நம் சபைச் சுற்றுலாக்களை இவ்வளவுகோலால் நோக்குவோம். அரிசி முதல் தண்ணீர்ப் போத்தல் வரை அனைத்தையும் ஊரிலிருந்தே கொண்டுசெல்கிறோம். அங்குள்ள சிறு கடைக்காரருக்கு நம்மால் வருவாய் இல்லை. நெகிழிப் பைகளையும் எச்சில் இலைகளையும் மட்டும் விட்டுவருகிறோம். அவற்றை அள்ளுபவர் துப்புரவுத் தொழிலாளர். சில மாதச் சாரற்காலத்தின் வருவாயைக் கொண்டே ஆண்டு முழுவதும் வாழவேண்டிய குடும்பங்கள் அவ்வூரில் உண்டு.

ஆதலால், சுற்றுலாவுக்கு முந்திய ஞாயிறன்று போதகர் சிலவற்றை அறிவிக்கலாம். ஒரு வேளை உணவையேனும் உள்ளூரில் வாங்குவோம். சோப்பும் எண்ணெயும் கொண்டுசெல்லோம். கொண்டுசென்ற குப்பையை நம் பேருந்திலேயே திரும்பக் கொண்டுவருவோம். கூட்டம் மிகுந்த விடுமுறை நாளைத் தவிர்த்து வேறு நாளைத் தெரிந்துகொள்வோம். வனத்துறையும் காவல்துறையும் விதிக்கும் தடைகளை மதிப்போம். சிற்றாற்றின் கீழ்க்கரையில் ஊழியம் செய்யும் போதகர்கள் தம் சபையாரின் குளத்துக்கு வந்துசேரும் நீரைப் பற்றி நமக்குச் சொல்லக்கூடும். அவர்களையும் அழைத்துக் கேட்போம்.